டிரம் சுற்றிக்கொண்டுதானே இருந்தது?

கணக்குப்பிள்ளை:
வேலைநிறுத்தத்துக்குக் கொடி பிடிக்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். 2017 ஆகஸ்ட் 11, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம், கிளேசியர் நார்த்வெஸ்ட் என்ற ரெடிமிக்ஸ் கம்பெனி, கான்கிரீட்டைக் கலந்து சுழலும் டிரம் வைத்த லாரியில் அனுப்புகிறவர்கள். டிரைவர்கள் காலையில் வழக்கம்போல வந்தார்கள், கான்கிரீட்டை ஏற்றிக்கொண்டார்கள். சங்கம் சொன்னதும் வேலையைப் போட்டுவிட்டார்கள். கிளம்பிப் போயிருந்த 16 லாரி நிறைந்த டிரம்மோடு திரும்பி வந்து யார்டில் நின்றது. 16 லாரியும் நாசம். 2023-ல் உச்ச நீதிமன்றமே 8-க்கு 1 என்று சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. எந்த வேலைநிறுத்தத்திலும் நியாயம் கிடையாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

சுத்தியல்:
16 லாரி நாசமா? எங்கே, ஒரே ஒரு லாரியைக் காட்டுங்கள் பார்ப்போம். லாரிகளுக்குப் பெரிய சேதம் வராமல் கம்பெனி தடுத்துவிட்டது என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. டிரம்மைச் சுற்றவிட்டுவிட்டுத்தான் இறங்கினார்கள், சங்கம் சொன்னதும் அதைத்தான். வீணானது கலவை. வேலைநிறுத்தம் என்றால் பால் திரியும், காய் அழுகும், கலவையும் இறுகும். எதுவும் வீணாகக் கூடாது என்றால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலைநிறுத்தம் செய்யலாம், உங்களுக்கும் சந்தோஷமாக இருக்கும்.

கலவைமேஸ்திரி:
டிரம் சுற்றினால் கலவை பத்திரம் என்கிறவர் டிரம்முக்குள் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஒரு லாரியில் 7 கன மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய 17 டன். சிமெண்டில் தண்ணீர் பட்ட நொடியிலேயே வினை தொடங்கிவிடுகிறது. நிமிடத்துக்கு 2 முதல் 6 சுற்று விட்டால் இறுகுவது தள்ளிப்போகும், அவ்வளவுதான். சுற்றச் சுற்ற உரசலில் சூடு ஏறும், தண்ணீர் வற்றும், ஸ்லம்ப், அதாவது கலவையின் இளக்கம், விழும். ஏ.எஸ்.டி.எம். சி94 என்ற அமெரிக்க ரெடிமிக்ஸ் தரவிதி பல காலம் 90 நிமிடத்துக்குள் இறக்கச் சொல்லிவந்தது சும்மா இல்லை.

விட்டால் என்ன ஆகும்? முதலில் உருண்டை உருண்டையாகத் திரளும். பிறகு உள்ளே இருக்கும் திருகு பிளேடுகளில் அப்பும். அது இறுகிவிட்டால் ஆளை உள்ளே இறக்கி ஜாக்ஹாமரால்தான் கொத்தணும். அதற்கும் முன்னால் எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்து, டிரம் அசையாமல் பூட்டி, காற்றோட்டம் வைத்து, சிலிக்கா தூசிக்கு முகமூடி மாட்டணும். உள்ளே இறங்கப்போகிறவனும் தொழிலாளிதான் தோழர், முதலாளி இல்லை.

சுத்தியல்:
"தள்ளிப்போகும்" என்று உங்கள் வாயாலேயே வந்துவிட்டது, நன்றி. அந்தத் தள்ளிப்போன நேரத்துக்குள்தான் இறக்கினார்கள். டிரம் சுற்றிக்கொண்டிருந்தது. வேறென்ன வேண்டும்?

கலவைமேஸ்திரி:
இறக்கினார்கள், சரி. எங்கே? எதிர்ப்பக்கம் சுற்றினால் கலவை வெளியே வரும், அது யாருக்கும் தெரியும். வந்ததை எங்கே கொட்டுவது? கலவைத் தண்ணீரின் பி.எச். 12-க்கு மேல், கடும் காரம், மண்ணிலும் விட முடியாது, வடிகாலிலும் விட முடியாது. அதனால்தான் கம்பெனி அவசரமாகத் தடுப்பு கட்டி அதற்குள் கொட்டியது. எந்த லாரியில் எத்தனை மணிக்கு ஏற்றியது, எதை முதலில் காலி பண்ணணும் என்று ஓடி ஓடிப் பார்க்கணும். இதில் 9 டிரைவர்கள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் போயிருக்கிறார்கள். 7 பேராவது தகவல் சொன்னார்கள், அல்லது என்ன செய்ய என்று கேட்டார்கள். இந்த 9-க்கும் 7-க்கும் நடுவில்தான் மொத்த நியாயமும் இருக்கிறது. டிரம்மில் இல்லை.

பிரிவு240:
9 என்பது கம்பெனி மனுவில் இருக்கும் எண். வழக்கை ஆரம்பத்திலேயே தள்ளுபடி செய்யுங்கள் என்று சங்கம் கேட்ட கட்டம் அது. அந்தக் கட்டத்தில் வாதி சொல்வதை உண்மை என்று வைத்துக்கொண்டுதான் நீதிமன்றம் பார்க்கும். நிரூபணமான எண்போல இங்கே எல்லோரும் அடித்துவிடுகிறீர்கள். வேலைநிறுத்தமே தப்பு என்றும் அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. ஆபத்து உடனே வரும் என்று தெரிந்திருந்தும் தகுந்த முன்னெச்சரிக்கை எடுக்கவில்லை, ஆகவே கம்பெனியின் நஷ்டஈட்டு வழக்கு மாநில நீதிமன்றத்தில் நடக்கத் தடையில்லை என்றது, அவ்வளவே. இதைத் தொழிலாளர் வாரியம் பார்த்துக்கொள்ளட்டும் என்று தனியாக நின்றவர் நீதிபதி ஜாக்சன்.

பிரிட்டனில் இது பழைய சமாச்சாரம். மதிப்புள்ள சொத்து அழியக்கூடும் என்று தெரிந்தே வேலை ஒப்பந்தத்தை முறித்தால் குற்றம் என்று 1875-லேயே சட்டம் போட்டார்கள். இன்று அது 1992 சட்டத்தின் 240-ஆம் பிரிவு.

கணக்குப்பிள்ளை:
குற்றம்! வக்கீல் வாயிலிருந்தே வந்துவிட்டது.

பிரிவு240:
எழுதியதில் ஒரு சொல்லை மட்டும் பொறுக்கிக்கொண்டு ஓடுவது உங்களுக்குப் புதிதில்லையே. இதே மன்றத்தில் முன்பு நடந்த துறைமுக விவாதத்திலும் இதே வேலைதான். "16 லாரி நாசம்" என்றதை முதலில் திருத்துங்கள்.

கணக்குப்பிள்ளை:
நாசமாகியிருக்கும் என்ற அர்த்தத்தில் சொன்னது. தமிழ் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

வெயிலான்:
எதற்கு இவ்வளவு சண்டை? ஆளுக்கு ஒரு பை சர்க்கரையை டிரம்மில் கொட்டியிருந்தால் இறுகியே இருக்காது. வேலைநிறுத்தமும் நடந்திருக்கும், லாரியும் தப்பியிருக்கும்.

கலவைமேஸ்திரி:
சர்க்கரை வந்தாச்சா? வரும் என்று தெரியும். சரி, கணக்கையும் போட்டுவிடுவோம். சிமெண்ட் எடையில் 0.05 சதவீதம் போட்டால் இறுகுவது நாலு மணி நேரம்போலத் தள்ளும். 0.2-லிருந்து 1 சதவீதம்வரை போனால் கிட்டத்தட்ட இறுகவே இறுகாது. கன மீட்டருக்கு 350 கிலோ சிமெண்ட் என்றால் 7 கன மீட்டருக்கு 2,450 கிலோ. அதில் 0.2 சதவீதம் ஏறக்குறைய 5 கிலோ, 1 சதவீதம் 24.5 கிலோ. "ஒரு பை" என்பது எந்தப் பை? அப்புறம், மேலே தூவிவிட்டுப் போனால் அங்கங்கே திட்டுத் திட்டாக நிற்கும். கரைத்து ஊற்றி, டிரம்மை வேகமாகச் சுற்றி முழுக்கக் கலக்கணும். இதையெல்லாம் யார் செய்வது? இறங்கிப் போய்விட்ட டிரைவரா?

வெயிலான்:
ஆக, முடியும் என்று ஒத்துக்கொள்கிறீர்கள்.

கலவைமேஸ்திரி:
லாரி பிழைக்கும், கலவை செத்துவிடும். அந்தக் கலவையில் தூண் போட்டால் நீங்கள் போய் அடியில் நில்லுங்கள்.

சுத்தியல்:
லாரி பிழைக்கும்! குறித்துக்கொள்ளுங்கள், மேஸ்திரியே சொல்லிவிட்டார். ஆக, ஆபத்து லாரிக்கு இல்லை.

இப்போது எதிர்ப்பக்கம் ஒன்று. 2018 ஜனவரி, கனடாவின் கியூபெக்கில் பெக்கான்கூர் அலுமினிய உருக்காலை. அங்கே கதவை மூடியது நிர்வாகம். சுமார் 1,030 பேர் வெளியே, 2019 வரைக்கும். மூன்று பாட்லைன்களில், அதாவது உருக்குத் தொட்டி வரிசைகளில், இரண்டை நிறுத்தினார்கள். உற்பத்தி போனதே, அதற்கு இங்கே ஒருத்தராவது இழை திறந்தீர்களா? முதலாளி நிறுத்தினால் நிர்வாக முடிவு, தொழிலாளி நிறுத்தினால் நாசவேலை.

கணக்குப்பிள்ளை:
கதவடைப்பு வேலைநிறுத்தம் இல்லை. இங்கே பேச்சு வேலைநிறுத்தத்தைப் பற்றி.

கலவைமேஸ்திரி:
நல்ல உதாரணம் எடுத்துக் கொடுத்தார், எனக்கு. உருக்குத் தொட்டியில் குழம்பு 950 டிகிரிக்கு மேல் நிற்கும். மின்சாரம் போய் நாலைந்து மணி நேரமானால் உறைய ஆரம்பிக்கும். உறைந்தால் மின்சாரம் பாயாது, அடிப்பாகம் ஆறும்போது விரிசல் விடும், சில தொட்டிகளுக்கு உள்பூச்சே புதிதாகப் போட வேண்டிவரும். அதனால் முறையாக நிறுத்துகிறவர்கள் உலோகத்தையும் குழம்பையும் உறைய விடாமல் முடிந்தமட்டும் வெளியே எடுப்பார்கள், தொட்டியை மின்சுற்றிலிருந்து முறைப்படி விலக்குவார்கள். நிறுத்துவது யாராக இருந்தாலும் படி இதுதான். கான்கிரீட்டுக்கு இன்னும் சுலபம், ஏற்றுவதற்கு முன்னால் நிறுத்து. விடியலில் முதல் லோடு ஏறும் முன் நின்றிருந்தால் ஒரு பிடி சிமெண்ட்கூட வீணாகியிருக்காது, வழக்கும் வந்திருக்காது. டிரைவர்கள் கொண்டுபோய் இறக்கப்போகிறவர்கள்போல வேலைக்கு வந்ததால்தான் அந்தக் கலவையே உருவானது என்று நீதிமன்றம் பிடித்த பிடியும் அதுதான்.

சுத்தியல்:
முதல் லோடுக்கு முன்னால் நின்றால் கம்பெனிக்கு என்ன நஷ்டம்? வேறு டிரைவரைக் கூப்பிடும், இல்லையென்றால் ஆர்டரை நாளைக்குத் தள்ளும். ஒப்பந்தம் ஜூலை 31-லேயே முடிந்துவிட்டது, பேச்சு இழுத்துக்கொண்டே கிடந்தது. வலிக்காத இடத்தில் கிள்ளச் சொல்கிறீர்கள். நேரம்தான் தொழிலாளியிடம் இருக்கும் ஒரே ஆயுதம், அதையும் மேஸ்திரியிடம் அனுமதிச் சீட்டு வாங்கித்தான் எடுக்கணுமா?

கலவைமேஸ்திரி:
வலிக்கட்டும். முதலாளிக்கு வலிக்கட்டும். டிரம்முக்குள் ஜாக்ஹாமரோடு இறங்குகிறவனுக்கு ஏன் வலிக்கணும்?

சுத்தியல்:
யாரும் இறங்கவில்லையே ஐயா! டிரம் சுற்றிக்கொண்டிருந்ததால்தானே இறங்க வேண்டி வரவில்லை!

பிரிவு240:
மூன்றாவது சுற்று.

கலவைமேஸ்திரி:
டிரம் தானாகச் சுற்றாது. எஞ்சின், ஹைட்ராலிக் பம்ப், மோட்டார், கியர்பாக்ஸ், அப்புறம்தான் டிரம். நடுவில் எஞ்சின் அணைந்தாலோ ஒரு ஹோஸ் பிய்ந்தாலோ டிரம் நின்றுவிடும். சீட்டில் ஆள் இல்லையென்றால் நின்றதே யாருக்கும் தெரியாது. இதற்கு இதுவரை ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

சுத்தியல்:
ஹோஸ் பிய்ந்ததா? பிய்யவில்லை.

கணக்குப்பிள்ளை:
பிய்ந்திருந்தால்?

வெயிலான்:
அப்போது சர்க்கரை.

கலவைமேஸ்திரி:
நின்ற டிரம்மில் சர்க்கரையை எப்படிக் கலக்குவீர்கள், அகப்பையாலா? தெரியாத விஷயத்தில் வாயை வைக்காதீர்கள் தம்பி. சுத்தியல், உங்களிடம் நேராகவே கேட்கிறேன். 16 லாரி எத்தனை நிமிடம் சுற்றியது? நிமிடக் கணக்கு வேண்டும்.

சுத்தியல்:
வேண்டிய அளவு.