மாண்ட்கோமரி: நார்மண்டி ஊர்ப்பெயர் சாஹிவால் வரை வந்த வழி

மேய்ச்சல்நிலம்:
சாஹிவால் மாட்டினத்துக்குப் பழைய நூல்களில் மாண்ட்கோமரி என்றும் பெயர் உண்டு. பாகிஸ்தானில் இருக்கும் சாஹிவால் நகரத்துக்கே முன்பு அதுதான் பெயர். மூலம் பிரெஞ்சு ஊர் ஒன்று என்கிறார்கள். எந்த ஊர்? இந்தக் குடும்பப்பெயர் உள்ளவர்கள் எல்லாரும் ஒரே வம்சமா? முன்னோரைத் தேடுபவர் எங்கே தொடங்க வேண்டும்?

கோட்டைமேடு:
ஊர் நார்மண்டியின் கால்வடோஸ் மாவட்டத்தில் இருக்கிறது. சேன்த்-ஃபுவா, சேன்-ஜெர்மேன் என்ற பக்கத்துப் பக்கத்துச் சிற்றூர்கள் இரண்டின் பெயரிலும் 'மோங்கொமெரி' ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோமரிக் என்ற ஜெர்மானிய ஆள்பெயரோடு சேர்ந்த குன்று அது.

11ஆம் நூற்றாண்டில் அந்த ஊரின் பிரபு ரோஜர். 1066இல் நார்மண்டி டியூக் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தபின் ஷ்ரூஸ்பரி பகுதி இவர் கைக்கு வந்தது. 1070களின் தொடக்கத்தில் வேல்ஸ் எல்லையில் மண்மேட்டின்மேல் ஒரு மரக்கோட்டை கட்டி, அதற்குச் சொந்த ஊரின் பெயரையே வைத்தார். 1223இல் மூன்றாம் ஹென்றி அருகில் கற்கோட்டை எழுப்பியதும் பெயர் அங்கே போய்விட்டது. ஆகவே ஒரு மாண்ட்கோமரியின் மூதாதை பிரான்சையே பார்க்காமல், இந்த வேல்ஸ் ஊரிலிருந்து கிளம்பியவராகவும் இருக்கலாம்.

பழம்பதிவு:
ஒரே வம்சம் என்று சொல்ல ஆதாரம் போதாது. ரோஜரின் மகன் ராபர்ட் 1102இல் முதலாம் ஹென்றியை எதிர்த்துத் தோற்று, இங்கிலாந்து நிலங்களை எல்லாம் இழந்தார். 12ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் ஈகிள்ஷாமில் நிலம் பெற்ற ராபர்ட் வேறொருவர். அவரை ரோஜரின் பேரன் என்று எழுதும் வம்சாவளிகள் உண்டு, ஆனால் அதை உறுதிசெய்யும் ஆவணம் இல்லை.

பெயர் பெருகியது இந்த ஸ்காட்லாந்துக் கிளையால்தான். 1606இல் ஹியூ மாண்ட்கோமரி அயர்லாந்தில் டவுன் (Down) என்ற மாவட்டத்தில் ஸ்காட்லாந்துக்காரர்களைக் குடியேற்றினார். 1865இல் சாஹிவாலுக்குப் பெயர் தந்த பஞ்சாப் துணை ஆளுநர் ராபர்ட் மாண்ட்கோமரியும் வட அயர்லாந்துக் குடும்பத்தவர். அவர் பேரன்தான் இரண்டாம் உலகப்போரின் தளபதி பெர்னார்ட். அவருடைய எதிரியான ஜெர்மன் தளபதி ரோம்மெல் 1944 ஜூலை 17 அன்று விமானத் தாக்குதலில் காயமடைந்தது அதே சேன்த்-ஃபுவா-த-மோங்கொமெரி பக்கத்தில். தற்செயல்தான், ஆனாலும் வரலாற்றில் இப்படி அரிதாகத்தான் அமையும்.

அமெரிக்காவில் கவனம் தேவை. அலபாமாவின் மாண்ட்கோமரி நகரம் 1775இல் கியூபெக்கில் இறந்த ரிச்சர்ட் மாண்ட்கோமரியின் பெயரைத் தாங்குகிறது. அதைச் சுற்றியுள்ள கவுன்டியோ 1814இல் போரில் இறந்த லெமுவேல் மாண்ட்கோமரியின் பெயரில் இருக்கிறது. இரண்டையும் ஒரே ஆள் என்று எழுதிவிடுகிறார்கள்.

கோட்டைமேடு:
தேடுபவர் நார்மண்டியில் தொடங்கக் கூடாது. வாழும் தலைமுறையிலிருந்து பின்னோக்கித்தான் போகவேண்டும். ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு 1855இல் தொடங்குகிறது, அயர்லாந்தில் 1864இல். கத்தோலிக்கர் அல்லாதவர் திருமணங்கள் மட்டும் அங்கே 1845 முதல் கிடைக்கும். பலரும் திணறுவது அதற்கு முந்தைய காலத்தில். 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது அயர்லாந்து திருச்சபையின் (ஆங்கிலிக்கன் சபை) பதிவேடுகளில் பெரும்பகுதி போயிற்று. ஸ்காட்லாந்துக் குடியேறிகளின் பிரெஸ்பிட்டேரியன் சபைகளின் ஏடுகள் அந்தந்த சபையிடமே இருந்ததால் தப்பின. ஸ்காட்லாந்து வழிக் குடும்பம் என்றால் முதலில் அவற்றைப் பாருங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலில் கடைசி 'வை'க்குப் பதில் 'ஐ-இ' வரும், நடுவில் 'டி' விடுபடும். எல்லா வடிவத்திலும் தேடுங்கள்.

பிரான்சுக்கே போகும் அளவு ஆதாரம் கிடைத்தால் கால்வடோஸ் ஆவணக் காப்பகத்தின் இணையதளம் உதவும். அரசுப் பதிவு 1792 முதல், அதற்கு முன் தேவாலய ஏடுகள். அந்த இரண்டு சிற்றூர்களும் 2016இல் வால்-த-வீ என்ற புதிய ஊராட்சியில் இணைந்துவிட்டன. பழைய ஏடுகளைத் தேடும்போது பழைய ஊர்ப்பெயரைக் கொடுங்கள்.