டிரை கேம்பிங்: ‘உலர் முகாம்’ சரிவருமா?

வணக்கம். தண்ணீர்த் தொட்டியும் பேட்டரியும் உள்ள முகாம் வண்டியில், வெளியிலிருந்து மின்சார, குழாய் இணைப்பு இல்லாமல் தங்குவதுதான் டிரை கேம்பிங். நம் கலைச்சொல் பட்டியலுக்காக இதற்கு ஒரு தமிழ்ச் சொல்லை வாக்களித்துத் தேர்ந்தெடுக்கப் போகிறோம். அதில் ஒருவர் எழுதியது இது:

> டிரை கேம்பிங்குக்கு ‘உலர் முகாம்’ போதுமே. படித்ததும் புரிகிறது.

புரிகிறதுதான், ஆனால் தப்பாகப் புரிகிறது. ஈரமில்லாத தரையில் கூடாரம் போடுவது என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். ஆற்றங்கரையிலேயே வண்டியை நிறுத்தினாலும் அது டிரை கேம்பிங்தான். வண்டியோடு மாட்டிக்கொள்ள மின்சாரமும் கிடையாது, குழாயும் கிடையாது. விஷயம் அவ்வளவுதான்.

‘இணைப்பில்லா முகாம்’ நேரான சொல். ஆனால் இப்போதெல்லாம் இணைப்பு இல்லை என்றால் ஆளுக்கு ஆள் போனை எடுத்துப் பார்ப்பார்கள்!

என் பரிந்துரை ‘கையிருப்பு முகாம்’. கிளம்பும்போது தொட்டியில் எவ்வளவு தண்ணீர், பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் என்பதை வைத்துத்தான் எத்தனை நாள் தங்கலாம் என்பதே முடிவாகிறது. அதிலும் கையிருப்பு என்பது பெட்டியில் அச்சிட்ட கணக்கு அல்ல. 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆகவே நம்பி எடுக்கக்கூடியது 50தான். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி என்றால் 80 வரை தாராளமாக எடுக்கலாம். தண்ணீரைக் கூடுதலாக ஏற்றிக்கொள்ளலாமே என்றால், லிட்டருக்கு ஒரு கிலோ வண்டியில் ஏறும். 150 லிட்டர் என்பது இரண்டு பெரிய ஆட்களின் எடை.

‘தற்சார்பு முகாம்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மையில்லை. சூரியத்தகடு பேட்டரியை நிரப்பும். தண்ணீரை எங்கிருந்து தரும்?

என் சொல்லிலும் ஓர் ஓட்டை உண்டு, நானே சொல்லிவிடுகிறேன். இருப்பு தீர்ந்தால்தான் கிளம்ப வேண்டும் என்றில்லை. குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர் சேரும் தொட்டி நிரம்பினாலும் கிளம்பத்தான் வேண்டும். சிறிய தொட்டி உள்ள வண்டிகளில் அதுதான் முதலில் நிரம்பும். ‘கையிருப்பு’ இதைச் சொல்லவில்லை. இருந்தாலும் ஒரே சொல்லில் எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம் என்பது என் கட்சி.

அப்புறம், கழுவிய தண்ணீர் சேரும் அந்தத் தொட்டிக்கு (ஆங்கிலத்தில் ‘கிரே வாட்டர் டேங்க்’) ‘சாம்பல்நீர்த் தொட்டி’ என்று பட்டியலில் இருக்கிறது. சாம்பலைக் கரைத்து வைத்தது போல இருக்கிறது. ‘கழுநீர்த் தொட்டி’ என்று நம்மிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கும்போது இது எதற்கு? கழிப்பறைத் தொட்டியை ‘மலநீர்த் தொட்டி’ என்றே சொல்லலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை.

வாக்களிக்கும் முன் பேச்சில் வைத்துப் பாருங்கள். ‘மூன்று நாள் கையிருப்பில் தங்கினோம்’ என்று வாய் சரளமாகச் சொல்கிறது. ‘மூன்று நாள் உலர்ந்து தங்கினோம்’ என்று சொல்ல வருகிறதா?