கணவர் செல்லுக்கு ஓடிபி போகாமல் தனி ரேஷன் கார்டு வாங்க வழி உண்டா?

கேள்வி: பனியன் கம்பெனித் தோழி

வணக்கம். கணவரைப் பிரிந்து மகளோடு திருப்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறேன். விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்பது அவர் வீட்டாருக்குத் தெரியக் கூடாது. காரணத்தை இங்கே எழுத விருப்பமில்லை.

என் பெயரும் மகள் பெயரும் கணவர் வீட்டுக் கார்டில் இருக்கின்றன. புதுக் கார்டுக்கு விண்ணப்பிக்கப் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். ஆதார் எண்ணைப் போட்டதுமே ஏற்கெனவே வேறு கார்டில் இருப்பதாகக் காட்டிவிட்டது. பெயரை நீக்க வேண்டுமானால் அந்தக் கார்டில் பதிந்த செல் எண்ணுக்கு ஓடிபி போகுமாம். அது கணவருடைய எண். "போன் போட்டு வாங்கிடுங்கக்கா" என்கிறார் சென்டர்காரர். கேட்கிற நிலையில் இருந்தால் நான் ஏன் இங்கே வரப்போகிறேன்?

ஆதார், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் அவருடைய வாட்ஸ்அப்புக்கு அனுப்பச் சொன்னார். இன்னும் அனுப்பவில்லை. அனுப்பலாமா? ஓடிபிக்கு வேறு வழி உண்டா?

பதில்: கொங்குநாட்டான்

இவ்வளவு சிரமம் எதற்கு? இப்போதெல்லாம் தமிழ்நாட்டில் எந்தக் கடையில் வேண்டுமானாலும் வாங்கலாமே. கார்டில் உங்கள் பெயர் இருக்கிறதல்லவா, திருப்பூர்க் கடையில் விரலை வைத்து அரிசியை வாங்கிக்கொள்ளுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற விற்பனையாளர்

அந்தத் தப்பை மட்டும் செய்துவிடாதேம்மா. பில் போட்ட கையோடு பதிந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி போய்விடும். நீ இங்கே அரிசி வாங்குவது அங்கே அவர் சட்டைப் பையில் தெரியும். அதோடு ஒரு கார்டுக்கு மாதத்துக்கு இவ்வளவுதான் என்று அளவு உண்டு. நீ எடுத்தால் அங்கே குறையும், கடையில் விசாரிப்பார்கள். பழைய கார்டை எங்கேயும் தொடாதே.

ஓடிபி என்பது இணையத்தில் நீக்குவதற்கான வழி. அது ஒன்றுதான் வழி என்று சென்டர்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள், ஏனென்றால் அவர்கள் திரையில் அது ஒன்றுதான் இருக்கிறது. வட்ட வழங்கல் அலுவலகத்தில் மனு கொடுத்தால் அவர்கள் விசாரித்து அலுவலக வழியாகவே பெயரை எடுக்கலாம். மாதா மாதம் இரண்டாம் சனிக்கிழமை ரேஷன் குறைதீர் முகாம் நடக்கும், அங்கே போ. சாதாரண நாளில் கவுண்டரில் நாலு பேர் காதுபட "ஏன் பிரிஞ்சீங்க" என்று கேட்பார்கள். முகாமில் அதிகாரியே உட்கார்ந்திருப்பார், மனுவைக் கையில் கொடுத்துவிடலாம்.

பதில்: பனியன் கம்பெனித் தோழி

நன்றி ஐயா. மனுவில் என்ன எழுதுவது? விவாகரத்துத் தீர்ப்பு கேட்டால் என்னிடம் இல்லையே.

பதில்: கோவை வக்கீலம்மா

தீர்ப்பு வரும்வரை பட்டினி கிடக்க வேண்டுமென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வழக்கு எண்ணோடு விவாகரத்து மனுவின் நகலை இணைத்து வையுங்கள். காவல் நிலையப் புகார் ரசீது இருந்தால் அதுவும். கணவரால் கைவிடப்பட்டவர் என்று தாசில்தார் தரும் சான்றிதழ் ஒன்று உண்டு, இ-சேவையில் விண்ணப்பிக்கலாம். ஆனால் அதற்கு விசாரணை பழைய ஊர் வரை போகுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் நிலையில் நான் அதைவிட மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கச் சொல்வேன். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் இருக்கும் பதவி அது. அவர் கடிதம் இருந்தால் வழங்கல் அலுவலகத்தில் கதையை மறுபடி மறுபடி சொல்ல வேண்டியிருக்காது. யாரைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் பெண்கள் உதவி எண் 181க்கு அடியுங்கள்.

மனுவின் முதல் வரியிலேயே "என் தற்போதைய முகவரியையும் செல் எண்ணையும் பழைய அட்டைதாரருக்குத் தெரிவிக்க வேண்டாம்" என்று எழுதுங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

குடும்பத் தலைவர் யார் என்று யாராவது இழுத்தால்: 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 13ஆவது பிரிவே, வீட்டில் 18 வயது நிரம்பிய மூத்த பெண்ணைத்தான் தலைவர் என்கிறது. விண்ணப்பத்தில் தந்தை அல்லது கணவர் பெயர் கேட்கும் இடத்தில் அப்பா பெயரைப் போடுங்கள்.

பதில்: இ-சேவை அண்ணன்

நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். கெட்ட எண்ணம் இல்லாத ஆள்தான் என்றாலும் அந்தக் கோப்பு அவர் போனில், கடைக் கம்ப்யூட்டரில், பிரிண்ட் போடும் பையனின் போனில் என்று கிடக்கும். காகிதமாகக் கொண்டுபோய் ஸ்கேன் செய்து ஏற்றச் சொல்லுங்கள், முடிந்ததும் எதிரிலேயே அழிக்கச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார். பரவாயில்லை.

ஆதாரே கொடுக்க மாட்டேன் என்று நிற்க முடியாது. அரசு மானியத்துக்கு ஆதார் கேட்கலாம் என்று 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதார் இங்கே எடுபடாது, முழு எண்ணைப் பதிந்தாக வேண்டும். வீட்டு ஓனர் கேட்டால் அந்த மறைத்ததைக் கொடுங்கள், அவருக்கு அது போதும்.

இப்போது முக்கியமான கேள்வி. உங்கள் ஆதாரோடு இணைந்திருப்பது யாருடைய எண்?

பதில்: பனியன் கம்பெனித் தோழி

அதுவும் அவருடைய எண்தான். கல்யாணமான புதிதில் அவர்தான் எல்லாம் செய்து கொடுத்தார்.

பதில்: இ-சேவை அண்ணன்

அப்படியானால் ரேஷன் கார்டை ஒரு வாரம் ஓரமாக வையுங்கள். ஆதார் எண்ணும் ஓடிபி வரும் போனும் அவரிடம் இருந்தால் உங்கள் ஆதாரை அவர் எப்போது வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம். நீங்கள் திருப்பூர் முகவரிக்கு மாற்றியிருந்தால் தெரு பெயரோடு வந்துவிடும். எனவே முதலில் ஆதார் சேவை மையத்தில் செல் எண்ணை மாற்றுங்கள். கைரேகை வைத்தால் போதும், பழைய போனுக்கு ஓடிபி போகாது, ஆவணமும் வேண்டாம். கட்டணம் 75 ரூபாய், முன்பு 50 ஆக இருந்தது. உங்கள் சொந்த சிம்மைக் கொடுங்கள், பக்கத்து வீட்டு எண், கம்பெனி சூப்பர்வைசர் எண் எதுவும் வேண்டாம். மகள் ஆதாருக்கும் அதே வேலை.

ஆதாரில் முகவரியை இப்போது மாற்ற வேண்டியதில்லை. ரேஷன் கார்டுக்கு முகவரிச் சான்றாக வாடகை ஒப்பந்தம் ஏற்பார்கள், கேஸ் ரசீதும் ஏற்பார்கள்.

எண் மாறிய பிறகு ஆதார் தளத்தில் உள்ளே போனால், கடந்த 6 மாதத்தில் உங்கள் ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியல் கிடைக்கும். ஒருமுறை பாருங்கள். கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் உண்டு. பூட்டினால் ரேஷன் கடை மிஷினிலும் விரல் எடுக்காது, அதை ஞாபகம் வையுங்கள்.

பதில்: கொங்குநாட்டான்

குறுஞ்செய்தி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. அக்கா, இன்னொரு சந்தேகம். ரேஷன் பயனாளிகள் பட்டியலை ஊரறிய ஒட்டுவார்களாமே?

பதில்: கோவை வக்கீலம்மா

உண்மைதான். முன்னுரிமைக் குடும்பங்களின் பட்டியலைப் பொதுவில் வைக்க வேண்டும் என்று அதே 2013 சட்டத்தின் 11ஆவது பிரிவு சொல்கிறது. போலிக் கார்டைப் பிடிக்க அது நல்ல ஏற்பாடு, ஒளிந்து வாழ்கிற பெண்ணுக்கு நல்லதில்லை. இரண்டையும் யோசித்து எழுதிய சட்டமில்லை அது. ஆனால் ஆதார் எண்ணை வெளியிடக் கூடாது என்று ஆதார் சட்டத்தின் 29ஆவது பிரிவு தடுக்கிறது. எண்ணோடு எங்காவது ஒட்டியிருந்தால் போட்டோ எடுத்து வைத்துப் புகார் கொடுங்கள். மனுவில் அந்த முதல் வரி எழுதச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

பதில்: பனியன் கம்பெனித் தோழி

செல் எண் மாற்றியாயிற்று. முகாமில் மனு வாங்கிக்கொண்டார்கள், எங்கள் பெயர்களை நீக்கிவிட்டதாகவும் தகவல் வந்தது. இனி புது விண்ணப்பம். வீட்டுக்கு விசாரணைக்கு வருவார்களாமே, ஓனரிடம் என் கதையைச் சொல்லிவிடுவார்களோ? மகளுக்கு ஆறு வயது, ஐந்து வயதுக்கு முன் எடுத்த ஆதார், அவள் விரல் மிஷினில் விழுமா?

பதில்: ஓய்வுபெற்ற விற்பனையாளர்

வருகிறவர் இந்த வீட்டில் குடியிருக்கிறாயா, தனிச் சமையலா என்று பார்ப்பார். கேஸ் அடுப்பைக் காட்டு, ஒப்பந்தத்தைக் காட்டு. கணவரைப் பற்றிக் கேட்டால் "மனுவில் இருக்கிறது சார்" என்று சொல். அதற்கு மேல் சொல்ல வேண்டிய கடமை உனக்கில்லை.

ஐந்து வயதுக்கு முன் எடுத்த ஆதாரில் கைரேகையே இருக்காது. சேவை மையத்தில் புதுப்பித்துக்கொள், 5 முதல் 7 வயதுக்குள் காசு வாங்க மாட்டார்கள். பில் போட உன் விரல் ஒன்றே போதும், கார்டில் உள்ளவர்களின் அடையாளத்தைச் சரிபார்க்கும் கேஒய்சி பதியும்போதுதான் பிள்ளையைக் கூட்டிப் போக வேண்டியிருக்கும். உன் விரலே தேய்ந்துபோய் எடுக்கவில்லை என்றாலும் பயப்படாதே, பனியன் தைக்கிறவர்களுக்கு அது சகஜம். கைரேகை விழவில்லை என்பதற்காக அரிசி மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை 2017 அக்டோபரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. கடையில் கருவிழி மிஷின் இருக்கிறதா என்று கேள். "நாளைக்கு வா" என்றால் ரேஷன் புகார் எண் 1967க்கு அடி.