மூக்கனேரி முக்குளிப்பான் கூடு: படம் எடுக்கறவங்க காப்பாத்தறாங்களா, கெடுக்கறாங்களா?

மூக்கனேரி மைனா:
போன ஞாயித்துக்கிழமை காலைல சேலத்துல இருக்கற மூக்கனேரிக்குப் போயிருந்தேன். கரையோரம் கோரைக்கு நடுவுல ஒரு முக்குளிப்பான் கூடு, முங்கி முங்கி இரை தேடற சின்ன நீர்ப்பறவை அது. பாசியும் செத்தையும் மிதக்கற மாதிரிதான் இருக்கும், தெரிஞ்சவங்களுக்குத்தான் அது கூடுன்னு தெரியும். அஞ்சு பேர் ட்ரைபாடோட முழங்கால் தண்ணில இறங்கிட்டாங்க. அந்தப் பறவை கூட்டை விட்டு இறங்கறப்ப முட்டை மேல பாசியை இழுத்துப் போட்டு மூடிட்டுத்தான் போகும், அன்னிக்கு அதுக்கு நேரமில்ல, அப்படியே தண்ணிக்குள்ள முங்கிடுச்சு. மூணு முட்டையும் வெட்டவெளில கிடக்குது. இவங்க கால் மணி நேரம் நகரவே இல்ல. அப்புறம் காக்கா வந்துச்சு. சாயங்காலம் பாத்தா ‘இயற்கையைக் காப்போம்’னு அதே கூட்டோட படம் பேஸ்புக்ல, லொகேஷனோட.

காட்டுயிரைப் பத்தி எழுதி, படமும் எடுத்த மா. கிருஷ்ணன் வாழ்ந்த தமிழ்நாடுங்க இது. நாவல் எழுதின அ. மாதவையாவோட கடைசிப் பையன், 1912ல பொறந்தவர். சந்தூர் சமஸ்தானத்துல வாத்தியாரா, ஜட்ஜா எல்லாம் இருந்துட்டு, அப்புறம் யாருகிட்டயும் வேலைக்குப் போகாம எழுத்தையும் கேமராவையும் நம்பியே காலத்தை ஓட்டினார். கருப்பு வெள்ளைலதான் எடுப்பார், அங்கங்க கிடைச்ச பாகத்தைச் சேத்து தானே ஒரு பெரிய கேமரா பண்ணிக்கிட்டார். 1950லேர்ந்து ஸ்டேட்ஸ்மன் பத்திரிகைல பத்தி எழுதினார், 46 வருஷம், 1996 பிப்ரவரி 18 அவர் செத்த அன்னிக்கும் பத்தி வந்துச்சு. படத்துக்காக காட்டுக்குப் போனவர் இல்ல அவர், காட்டைத் தெரிஞ்சுக்கப் போனவர். இன்னிக்கு தன்னை வைல்ட்லைஃப் போட்டோகிராபர்னு சொல்லிக்கறவங்க இதுக்குப் பதில் சொல்லணும்.

600எம்எம் சேலம்:
மைனா அக்கா, அஞ்சு பேர் பண்ணது தப்பு, அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா அதை வச்சு எல்லாரையும் ஒரே தட்டுல வைக்காதீங்க. ஏரிக்கரைல ராத்திரியோட ராத்திரியா கட்டட இடிபாடு கொட்டினப்ப மனுவோட சேத்துக் குடுத்தது யாரோட படம்? நான் எடுத்ததுதான், தேதியோட, லாரி சக்கரத் தடத்தோட, பக்கத்துலயே நத்தைகுத்தி நாரை நின்னுட்டிருந்த படம். வாயால சொன்னா யாரு கேக்கறாங்க, படத்தைக் காட்டினாதான் ஆபீஸ்ல நிமிர்ந்து பாக்கறாங்க.

2015லேர்ந்து பொங்கல் லீவுல தமிழ்நாடு பூரா பறவை கணக்கெடுக்கறாங்க இல்ல, அதுல சந்தேகமான பறவை வந்தா முதல்ல படம் இருக்கான்னுதான் கேப்பாங்க. கிருஷ்ணனும் படத்தை வெறும் அழகுக்கு வச்சுக்கல. 1968ல நேரு பெல்லோஷிப் கிடைச்சு தென்னிந்தியக் காடெல்லாம் சுத்தி பாலூட்டிகளைப் பத்தி ஆய்வு பண்ணார், அதுல படமும் ஒரு சாட்சி. யானை முதுகுல உக்காந்து காட்டுக்குள்ள போய் எடுத்தவர்தான் அவரும். பக்கத்துல போகாம யாரு படம் எடுத்தாங்க?

நாகலூர் காப்பி:
ரெண்டு பேருமே ஏரியைப் பத்தி பேசறீங்க, நான் மலையைப் பத்தி சொல்றேன். எங்களுக்கு ஏற்காட்டுல மூணு ஏக்கர் காப்பி, மிளகு. சாயங்காலம் ஆனா காட்டெருமை ரோட்டோரம் வந்து நிக்கும், காலு நாலும் வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி, கிடா ஒண்ணு ஒரு டன்னுக்குப் பக்கம் வரும். கார்ல வர்றவங்க இறங்கி பிளாஷ் அடிக்கறாங்க, கன்னுக்குட்டி இருக்கற பக்கமா சுத்திப் போறாங்க. அது புஸ்ஸுன்னு மூச்சு விட்டு தலையைச் சாய்ச்சு உடம்போட அகலத்தைக் காட்டும், அதுக்கு அர்த்தம் கிட்ட வராதேங்கறது, இவங்களுக்கு அது நல்ல போஸ். படம் கிடைச்சதும் இவங்க இருபது வளைவும் இறங்கி சேலம் போய்ச் சேர்ந்துடறாங்க. மறுநாள் காலைல மிரண்டு போன அந்த மாட்டு எதிர்ல பழம் பறிக்கப் போறது எங்க வீட்டுப் பொம்பளைங்க. போன வருஷம் எங்க சித்தி பலாமரத்துல ஏறி ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தாங்க, வயசு 58.

பாதுகாப்புன்னு பேசற யாரும் இதைக் கேக்க வரலைங்க. கிருஷ்ணனா இருந்தாலும் சரி, கெஸ்ட் ஹவுஸ்ல தங்கி எழுதிட்டு ஊருக்குத் திரும்பினவங்கதானே.

மூக்கனேரி மைனா:
அண்ணா, சித்தி விஷயம் மனசுக்குக் கஷ்டமா இருக்கு. அதைத்தான் நானும் சொல்ல வர்றேன், மிருகத்தை மிரட்டி எடுத்த படத்துக்கு விலை குடுக்கறது எடுத்தவன் இல்ல. ஆனா கிருஷ்ணனைப் பத்தி சொன்னதை ஒத்துக்க மாட்டேன். அவரு பாட்டனி படிச்சவர், மரம் செடியை விட்டுட்டு மிருகத்தை மட்டும் பேசினதே இல்ல. நம்ம மண்ணோட மரத்தை வெட்டிட்டு வெளிநாட்டு மரத்தை நடறதை கடைசி வரைக்கும் எதிர்த்து எழுதினார். நம்ம மலைல தோட்டம் தோட்டமா நிக்கற சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவுலேர்ந்து வந்ததுதானே. பழத்துக்கு வர்ற பறவைக்கு அதுல என்ன இருக்கு? அந்த இடத்துல ஒரு ஆலோ அத்தியோ நின்னா காய்ச்ச நாளெல்லாம் திருவிழாவா இருக்கும்.

நாகலூர் காப்பி:
சில்வர் ஓக் நேரா வளரும், மிளகுக்கொடி ஏத்தலாம், வெட்டினா பிளைவுட்டுக்கு காசு வரும். காப்பி விலை விழுந்த வருஷம் எங்க பாப்பா காலேஜ் பீஸ் கட்டினது அந்த மரம்தான். அத்தி மரம் எனக்கும் பிடிக்கும், எங்க தாத்தா வச்ச ரெண்டு இன்னும் நிக்குது, அதை வெட்டச் சொல்லி வியாபாரி வந்தப்ப முடியாதுன்னுட்டேன். ஆனா முழுக்க அத்தி வைன்னு சொல்றவங்க என் கணக்கு நோட்டையும் கொஞ்சம் பாக்கணும்.

தோட்டக்கள்ளன்:
இவ்ளோ நேரம் படிச்சிட்டு மட்டும் இருந்தேன். நான் ஆறுமணிக்குருவி பாக்க வருஷா வருஷம் ஏற்காடு வர்றவன். மழைக்காலத்துல இமயமலை அடிவாரத்துலேர்ந்து களைச்சுப் போய் வந்து சேருது, வந்த அன்னிக்கே ஒருத்தர் போன்ல அதோட குரலைப் போட்டு விடறார். இன்னொரு குருவி தன் இடத்துக்கு வந்துருச்சுன்னு நினைச்சு இரை தேடறதை விட்டுட்டு தேடி ஓடி வருது. நானும் ரெண்டு வருஷம் அதைப் பண்ணியிருக்கேன், படமும் நல்லா வந்துச்சு. இப்ப அந்த படத்தைப் பாக்க முடியல. 600எம்எம் தம்பி, சாட்சிக்குப் படம் வேணும்தான், ஆனா ஆயிரமாவது ஆறுமணிக்குருவி படம் எதுக்குச் சாட்சி?

600எம்எம் சேலம்:
அந்தக் கேள்வி சரிதான் ண்ணா. ஆனா ஆயிரமாவது படத்தைப் பாத்துட்டுத்தான் எங்க தெருப் பசங்க நாலு பேர் கவட்டையைத் தூக்கிப் போட்டானுங்க, அதையும் எப்படி இல்லைன்னு சொல்றது. நான் என் பேச்சுலேர்ந்து பின்வாங்கல, போட்டோ வேணும். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், அன்னிக்கு மூக்கனேரில இறங்கின அஞ்சு பேர்ல ஒருத்தர் எங்க குரூப். நேத்து பேசினேன். முட்டையை மூடாம போச்சுங்கறதே அவருக்கு தெரியல, கூடுன்னா அப்படித்தான் திறந்து இருக்கும்னு நினைச்சிருக்கார். பேஸ்புக்லேர்ந்து அந்தப் படத்தை நீக்கிட்டார். இனிமே கூட்டுப் படமும் லொகேஷனும் குரூப்ல வேண்டாம்னு போட்டேன், ரெண்டு பேர் சண்டை போட்டுட்டு வெளிய போயிட்டாங்க.

மூக்கனேரி மைனா:
சந்தோஷம் தம்பி. இன்னிக்குக் காலைல அந்த ஜோடி திரும்பவும் பாசி சுமந்துட்டு இருந்துச்சு. எந்தப் பக்கம்னு இங்க எழுத மாட்டேன்.