ஈராசிரியர் பள்ளியில் மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்து நடத்துவது எப்படி?

கேள்வி: இடைநிலை ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் இந்தக் கல்வியாண்டில்தான் பணியில் சேர்ந்திருக்கிறேன். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. தலைமையாசிரியர் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளைப் பார்த்துக்கொள்கிறார். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளைச் சேர்ந்த 27 பிள்ளைகளும் ஒரே அறையில் என்னிடம் இருக்கிறார்கள். அவர் கூட்டத்திற்கோ அலுவலகப் பணிக்கோ வெளியே செல்லும் நாள்களில் ஐந்து வகுப்புகளும் என் பொறுப்பாகிவிடுகின்றன.

மூன்றாம் வகுப்புக்குக் கடன் வாங்கிக் கழித்தலைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே ஐந்தாம் வகுப்பில் பேச்சு கிளம்பிவிடுகிறது. அவர்களை அடக்கிவிட்டுத் திரும்புவதற்குள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் விட்ட இடத்தை மறந்துவிடுகிறார்கள். வகுப்புத் தலைவனைக் கொண்டு பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதச் சொல்லிப் பார்த்தேன். நாள்தோறும் அதே ஐந்தாறு பெயர்கள்தாம் வருகின்றன. அந்தப் பிள்ளைகள் இப்போது அதைப் பொருட்படுத்துவதே இல்லை. நன்றாக எழுதுகிறவர்களுக்கு நோட்டில் நட்சத்திரம் போட்டேன். முதலில் போட்டி போட்டுக்கொண்டு எழுதினார்கள். இப்போதோ எழுதத் தொடங்கும் முன்பே "ஸ்டார் போடுவீங்களா டீச்சர்?" என்று கேட்கிறார்கள், இல்லை என்றால் பென்சிலை வைத்துவிடுகிறார்கள். ஏழெட்டுப் பிள்ளைகள் எதைக் கேட்டாலும் வாய் திறப்பதில்லை.

குச்சியைக் கையில் எடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் பட்டயப் பயிற்சியில் நாங்கள் எழுதிய பாடக்குறிப்புகள் எல்லாம் ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கில் அமைந்தவை. என் அறைக்கு அவை பொருந்தவில்லை. பல வகுப்புகளைச் சேர்த்து நடத்திய அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர் மாவட்டம்

வணக்கம் அம்மா. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அடங்காதவர்கள் அல்லர். அந்த நேரத்தில் அவர்களுக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். பத்து வயதுப் பிள்ளை வேலையில்லாமல் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே நியாயமில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள்தாம் என்பதால், ஐந்து வகுப்புகளை இருவர் பகிர்ந்துகொள்ளும் நிலை உங்கள் பள்ளிக்கு மட்டும் உரியதன்று. அதற்கேற்பப் பாடவேளையை அமைத்துக்கொள்வதே நம் கையில் இருக்கிறது.

ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் பல வகுப்பறைகளைப் படம் பிடித்து ஆராய்ந்து, 1970-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். குறும்பு நடந்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதை வைத்து நல்ல வகுப்பையும் கலைந்த வகுப்பையும் அவரால் பிரித்தறிய முடியவில்லை. கண்டிப்பதற்கு முன்னால் நடப்பவற்றில்தான் வேறுபாடு இருந்தது: அறை முழுவதும் என்ன நடக்கிறது என்பது ஆசிரியருக்குத் தெரிந்திருப்பது, அப்படித் தெரிந்திருப்பது பிள்ளைகளுக்கும் தெரிவது, ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்கு இழுபறியின்றி மாறுவது, ஒரே நேரத்தில் இரண்டு காரியங்களைக் கவனிப்பது. இந்தக் கடைசித் திறமை பல வகுப்பு ஆசிரியருக்கு உயிர்நாடி.

ஆகவே, பாடவேளை தொடங்கியதும் நீங்கள் யாருக்குப் பாடம் நடத்தப்போவதில்லையோ அவர்களிடம் முதலில் செல்லுங்கள். ஐந்தாம் வகுப்புக்கு நீண்ட வேலை, நான்காம் வகுப்புக்கு அதைவிடச் சற்றுக் குறுகிய வேலை, அதன் பிறகு மூன்றாம் வகுப்போடு உட்காருங்கள். நீங்கள் வரும் வரை மூன்றாம் வகுப்பின் கையில் புளியங்கொட்டையோ குச்சிக் கட்டோ இருக்கட்டும். பத்துப் பத்தாகப் பிரித்து வைத்திருந்தால் அதிலிருந்தே கடன் வாங்கிக் கழித்தலைத் தொடங்கிவிடலாம். தனியே செய்யக் கொடுக்கும் வேலை உங்களிடம் கேட்காமலே செய்யக் கூடியதாக இருக்க வேண்டும். நேற்று கற்றதைப் பயிற்சி செய்யக் கொடுக்கலாம். புதியதைக் கொடுத்தால் ஒவ்வொருவராக எழுந்து உங்களிடம் வரத்தான் செய்வார்கள். புரியாவிட்டால் பக்கத்துப் பிள்ளையைக் கேட்பது, அவருக்கும் தெரியாவிட்டால் குழுவில் இன்னொருவரைக் கேட்பது, அப்போதும் தெளியாவிட்டால் அந்தக் கணக்கைச் சுழித்து வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவது என்ற வழக்கத்தைப் பள்ளி திறந்த தொடக்க வாரங்களிலேயே பழக்க வேண்டும். இப்போது பழக்கினாலும் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

கரும்பலகையை மூன்றாகக் கோடு போட்டுப் பிரித்து, மணி அடிப்பதற்கு முன்பே அந்தந்த வகுப்புக்குரிய வேலையை எழுதிவிடுங்கள். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாம் எழுதும் நேரத்தில்தான் பாதிக் குழப்பம் பிறக்கிறது. ஒவ்வொரு பகுதியின் அடியிலும் "முடித்தவர்கள்" என்று ஒரு வரி வேண்டும்: வாசிப்பு மூலையில் ஒரு கதைப் புத்தகம், தாங்களே உருவாக்கும் வார்த்தைக் கணக்குகள் இரண்டு, இப்படி ஏதாவது. விரைவாக முடித்த பிள்ளைக்கு அடுத்தது என்ன என்று தெரியாவிட்டால் அவன்தான் மற்றவர்களைக் கலைப்பான். மூன்று குழுக்களையும் ஒரே பார்வையில் காணும்படி நீங்கள் உட்காரும் இடத்தை மாற்றுங்கள்.

இதெல்லாம் நம் மாநிலத்துக்குப் புதிதன்று. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், ஆந்திரத்தின் ரிஷி வேலியில் பல வகுப்புப் பள்ளிகளுக்காகவே உருவான அட்டை முறையிலிருந்து வந்தது. கற்க வேண்டியவற்றை வரிசையாகக் காட்டும் ஏணிப்படி அட்டவணையைப் பார்த்து அடுத்த அட்டையைப் பிள்ளையே எடுத்துக்கொள்ளும். ஆசிரியரின் கட்டளைக்காகக் காத்திருக்காது. அந்த முறையில் குறைகள் இருந்தன என்பதை நானும் அறிவேன். ஆனாலும் காத்திருப்பை ஒழித்தது அதன் பெரிய நன்மை. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளையின் கற்றல் நிலையைக் குறிக்கும் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளையும் நீங்கள் இப்படிப் பயன்படுத்திக்கொள்ளலாம். கணக்கில் ஒரே நிலையில் உள்ள பிள்ளைகளை வகுப்பு பாராமல் சேர்த்தால், தனித்தனியே நடத்த வேண்டிய குழுக்களின் எண்ணிக்கை குறையும்.

அறிவியல் போன்ற பாடங்களில் மூன்று வகுப்புகளையும் சேர்த்தே உட்கார வைக்கலாம். பள்ளி வளாகத்து வேப்பமரத்தை எடுத்துக்கொண்டால் மூன்றாம் வகுப்பு வரைந்து பெயர் எழுதட்டும், நான்காம் வகுப்பு ஐந்து வாக்கியம் எழுதட்டும், ஐந்தாம் வகுப்பு அதைப் புளியமரத்தோடு ஒப்பிட்டு எழுதட்டும். பெயர் எழுதும் வழக்கத்தை நாளைக்கே நிறுத்திவிடுங்கள். பேசுகிறவனைப் பற்றி அது உங்களுக்குப் புதிதாக ஒன்றும் சொல்வதில்லை. எழுதுகிற தலைவனுக்கும் அவன் தோழர்களுக்கும் இடையே பகை வளர்வதுதான் மிச்சம். நட்சத்திரத்தையும் அதோடு சேர்த்து நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து.

பதில்: தொடக்கப் பள்ளி ஆசிரியை, கோயம்புத்தூர் மாவட்டம்

ஐயா கூறிய பாடவேளை அமைப்பை முழுமையாக ஏற்கிறேன். நட்சத்திரத்தை அடியோடு நிறுத்துவது பற்றி மட்டும் எனக்குச் சற்று மாறுபட்ட எண்ணம் உண்டு.

சகோதரி கண்ட மாற்றத்தை அமெரிக்க உளவியலாளர் மார்க் லெப்பரும் அவருடன் பணியாற்றிய இருவரும் 1973-இல் வெளியிட்ட ஆய்வு விளக்குகிறது. வண்ணப் பேனாக்களால் படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளை அவர்கள் மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினரிடம் வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்னரே சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு எதுவும் இல்லை. சில நாள்கள் கழித்துப் பேனாக்களை வைத்துவிட்டுக் கவனித்தபோது, முன்னரே சொல்லப்பட்ட குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பெற்றவர்களின் ஆர்வம் குறையவில்லை. ஆகவே கெடுப்பது பரிசு அன்று, "இதைச் செய்தால் அது தருவேன்" என்ற பேரம்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அறிவிக்காமல், எப்போதாவது, ஒரு பிள்ளையின் உண்மையான முயற்சிக்குப் பிறகு நீங்கள் எழுதும் ஒரு வரி அந்தத் தீங்கைச் செய்யாது.

என்ன எழுதுகிறோம் என்பதும் முக்கியம். 1998-இல் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடையே நடத்திய ஆய்வுகளில், முதல் புதிரை முடித்ததும் சிலரை "நீ புத்திசாலி" என்றும் சிலரை "நன்றாக முயன்றிருக்கிறாய்" என்றும் பாராட்டினார்கள். அடுத்துக் கடினமான புதிர் வந்து தோற்றபோது, புத்திசாலி என்று சொல்லப்பட்ட பிள்ளைகளே விரைவில் சோர்ந்தார்கள். பின்னர் தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களிடையேதான் அதிகம். "வெரி குட்" என்ற முத்திரையைவிட, "நேற்று பத்துகளை மறந்தாய், இன்று நான்கு கணக்கிலும் சரியாகக் கடன் வாங்கியிருக்கிறாய்" என்று எழுதுவது பிள்ளைக்கு எதைத் தொடர வேண்டும் என்று காட்டும். 27 நோட்டிலும் நாள்தோறும் இப்படி எழுத முடியாது. ஐந்தாறு நோட்டு வீதம் சுற்றி வந்தால் ஒரு வாரத்தில் எல்லாருக்கும் ஒரு முறை கிடைத்துவிடும்.

அணி பிரித்து விதிமீறலுக்குப் புள்ளி வைக்கும் விளையாட்டைச் சிலர் உங்களுக்குப் பரிந்துரைக்கக் கூடும். 1969-இல் அமெரிக்காவில் ஒரு நான்காம் வகுப்பில் செய்து பார்த்து, இருக்கையை விட்டு எழுவதும் இடையில் பேசுவதும் வெகுவாகக் குறைந்ததாகக் காட்டப்பட்ட முறை அது. வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் சிறிய அறையில் ஒரே பிள்ளையால் அணி மீண்டும் மீண்டும் தோற்றால், மதிய இடைவேளையில் அந்தப் பிள்ளை என்ன பாடுபடும் என்பதை எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வாய் திறக்காத பிள்ளைகளுக்கு நீங்கள் எந்தப் புதிய கருவியும் வாங்க வேண்டாம். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் கண்டறிந்தார். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன. வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். கேட்டுவிட்டு மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். கை தூக்குவதற்குப் பதிலாக, பக்கத்துப் பிள்ளையிடம் விடையை மெதுவாகச் சொல்லிப் பார்த்த பிறகு எல்லாருக்கும் சொல்லும்படி கேளுங்கள்.

பதில்: ஆசிரியர், இராமநாதபுரம் மாவட்டம்

ஒரு சிறு சேர்க்கை. கரும்பலகையில் நாள்தோறும் இடம்பெறும் அந்த ஐந்தாறு பிள்ளைகளையும் வாய் திறக்காத பிள்ளைகளையும் பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் காட்டிக் கண்ணையும் காதையும் சோதிக்கச் சொல்லுங்கள். பலகை தெரியாத பிள்ளை பக்கத்து நோட்டைப் பார்க்கத் திரும்பும். அதை நாம் பேச்சு என்று குறித்துக்கொள்வோம். முன் வரிசைக்கு மாற்றியதுமே அடங்கிய பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். காலை உணவை எந்தப் பிள்ளை தவறவிடுகிறது என்பதையும் கவனியுங்கள். தாமதமாக வரும் பிள்ளைதான் பெரும்பாலும் பசியோடும் இருக்கும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. கரும்பலகையைப் பிரித்து எழுதுவதை நாளை முதல் தொடங்குகிறேன். இன்னும் ஒன்று கேட்க வேண்டும். நான்காம் வகுப்பில் ஒரு பையன் ஓரிடத்தில் உட்காருவதே இல்லை. அவன் தந்தையிடம் பேசியபோது, "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர், நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம்" என்கிறார். அவரிடம் என்ன சொல்வது?

பதில்: ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர் மாவட்டம்

அம்மா, அந்தத் தந்தை உங்கள் மேல் வைத்திருக்கும் நம்பிக்கையைத்தான் அப்படிச் சொல்கிறார். அந்த நம்பிக்கையை ஏற்றுக்கொள்ளுங்கள், அவர் தரும் அனுமதியை ஏற்காதீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. பெற்றோர் சம்மதம் அதை மாற்றாது. மன உளைச்சல் என்ற சொல்லைக் கவனியுங்கள். முட்டி போடச் சொல்வது மட்டுமன்று, பெயரைச் சொல்லி எல்லார் முன்னும் இழிவுபடுத்துவதும் அந்தத் தடையில் அடங்கும்.

சட்டத்தை அவரிடம் ஒப்பிக்க வேண்டாம். "அடித்தால் இன்றைக்கு உட்காருவான், என்னிடம் சந்தேகம் கேட்க மாட்டான், எனக்கு அவன் கேட்க வேண்டும்" என்று சொல்லுங்கள். அடுத்த சந்திப்பில் அவன் செய்த நல்ல காரியம் ஒன்றோடு பேச்சைத் தொடங்குங்கள். பள்ளியிலிருந்து ஆள் வந்தாலே புகார்தான் என்று பழகிய பெற்றோருக்கு அது புதிதாக இருக்கும். வீட்டில் எத்தனை மணிக்குத் தூங்குகிறான், மாலையில் யாரோடு இருக்கிறான் என்பதை அவர் தாமாகவே சொல்லத் தொடங்குவார். இவ்வளவும் செய்த பிறகும் பையனின் நிலை மாறாவிட்டால், வட்டார வள மையத்தில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்காக இருக்கும் சிறப்பாசிரியரிடம் தலைமையாசிரியர் மூலம் தெரிவியுங்கள்.

பையனுக்கு எழுந்து நடப்பதற்குரிய வேலைகளைக் கொடுங்கள். நோட்டுகளை வாங்கி வைப்பது, அட்டைகளைப் பிரித்துக் கொடுப்பது போன்றவை எல்லாம் அவனுடையவையாக இருக்கட்டும். இதை அவன் நன்றாக இருந்ததற்குப் பரிசாகவும் கொடுக்க வேண்டாம், கெட்டதற்குத் தண்டனையாகப் பிடுங்கவும் வேண்டாம்.

ஐந்து வகுப்புகளும் உங்களிடம் சேரும் நாளைப் பற்றி நான் முன்பு எழுதவில்லை. அந்த நாளில் புதுப் பாடம் எதையும் தொடாதீர்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருவரை உட்கார வைத்துப் படக்கதை வாசிக்கச் செய்யுங்கள். வாசிப்பில் தடுமாறும் பெரிய பிள்ளைக்கும் கூச்சமில்லாமல் எளிய புத்தகத்தை வாசிக்க அது வாய்ப்பு. அதற்குள் நடுவில் உள்ள மூன்று வகுப்புகளுக்கும் வேலை கொடுத்துவிடலாம். கூட்டம் எந்த நாளில் என்பது தலைமையாசிரியருக்குப் பெரும்பாலும் முன்பே தெரிந்திருக்கும் என்பதால், அதற்கான புத்தகங்களை முதல் நாள் மாலையே எடுத்து வைத்துவிடும்படி அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.