நாலு விரல் சிலை: எகிப்திய புராணம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, விமான விபத்தில் தப்பியவர்கள் ஒரு மர்மத் தீவில் மாட்டிக்கொள்ளும் 'லாஸ்ட்' என்ற அமெரிக்க டிவி தொடரை இரண்டாவது முறை பார்த்து முடித்தேன். (இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் இதோடு நிறுத்திவிடுங்கள்!)

இரண்டாம் சீசன் முடிவில், தப்பியவர்களில் ஒருவனான சயீத் படகில் போகும்போது அவன் கண்ணில் ஒரு உடைந்த கல் பாதம் படுமே, அதில் நாலே விரல்கள். அது யாருடைய சிலை என்று ரசிகர்கள் வருடக்கணக்கில் மோதிக்கொண்டார்கள். எகிப்தின் நரித் தலைக் கடவுள் அனுபிஸ் என்றது ஒரு கூட்டம், முதலைத் தலைக் கடவுள் சோபெக் என்றது இன்னொன்று. கடைசியில் தயாரிப்பாளர்களே தவெரெட் என்று சொல்லிவிட்டார்கள்.

கதைக்கு அது பொருந்துகிறது. தவெரெட் கர்ப்பிணிகளைக் காக்கும் நீர்யானைத் தெய்வம், தீவிலோ கர்ப்பிணிகள் செத்துப்போகிறார்கள். நீர்யானைக்குக் காலுக்கு நாலு விரல் என்பதும் சரியாக இருக்கிறது. ஆனால் ஓவியங்களில் தவெரெட்டுக்குப் பெரிய வயிறும் தொங்கும் மார்பும் இருக்கும். தொடரில் பின்னால் முழுசாகக் காட்டும் சிலையோ விறைப்பாக நிற்கும் ஒல்லி உருவம், முகமும் முதலை மாதிரி நீளம். எனக்கென்னவோ இன்னும் சோபெக் மேல்தான் சந்தேகம்.

முதலை முகத்தோடு, இவ்வளவு ஒல்லியாகத் தவெரெட்டை எகிப்தியர்கள் எங்காவது செதுக்கியிருக்கிறார்களா? பார்த்தவர்கள் எந்த அருங்காட்சியகம் என்று சொல்லுங்கள்.

அப்புறம், தீவின் நிலத்தடி அறையில் இருக்கும் 108 நிமிடக் கடிகாரம் பூஜ்ஜியத்தைத் தொட்டதும் சிவப்பு கறுப்பில் எகிப்திய சித்திர எழுத்துகள் புரளுமே, அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன், கேட்டால் போடுகிறேன்.