கதிர்வீச்சுக்குப் பின் மீண்டும் வந்த புராஸ்டேட் புற்றுநோய்: உறைநிலைச் சிகிச்சை அனுபவங்கள்

என் தந்தைக்கு 67 வயதில் புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு அளித்தார்கள். ஐந்து ஆண்டுகள் நிம்மதியாகக் கழிந்தன. 0.6 வரை இறங்கியிருந்த பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரப்பி சுரக்கும் ஒரு புரதத்தின் இரத்த அளவு) மெல்ல ஏறி 2.9-ஐத் தொட்டபோது, சிகிச்சைக்குப் பின் எட்டிய மிகக் குறைந்த அளவைவிட 2 கூடினால் நோய் திரும்பியதாகக் கொள்வார்கள் என்று மருத்துவர் விளக்கினார். வேறெங்கும் பரவியதற்கான அறிகுறி பெட் ஸ்கேனில் இல்லை; சுரப்பிக்குள் நோய் இருப்பதைப் பயாப்ஸி எனும் திசுப் பரிசோதனை உறுதிசெய்தது. கதிர்வீச்சு பட்ட சுரப்பியை அறுத்தெடுப்பது கடினம் என்பதால் கிரையோ எனப்படும் உறைநிலைச் சிகிச்சையைப் பரிந்துரைத்தார்.

விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தோல் வழியாக மெல்லிய ஊசிகளைச் செருகி, மலக்குடலில் வைத்த அல்ட்ராசவுண்ட் காட்டும் படத்தைப் பார்த்தபடியே, ஆர்கான் வாயுவால் சுரப்பியை மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் வரை உறைய வைத்து, ஹீலியத்தால் உருக்கி, மீண்டும் ஒருமுறை உறைய வைத்தார்கள். சிறுநீர்க்குழாய் உறைந்துவிடாதபடி அதனுள் வெதுவெதுப்பான நீர் ஓடிக்கொண்டிருந்ததாம். மறுநாளே வீடு திரும்பினோம். சிறுநீரை வடிக்கும் குழாயான கதீட்டர் இரண்டு வாரம் இருந்தது.

சிறுநீர்க் கசிவு மூன்று மாதம் நீடித்ததைத்தான் நாங்கள் எதிர்பார்க்கவில்லை. விடியுமுன் எழுந்து தம் வேட்டியைத் தாமே அலசிக் காயப்போட்டுவந்ததை அப்பா எவரிடமும் சொல்லவில்லை; அம்மாதான் ஒருநாள் கண்டுபிடித்தார். கசிவு வரக்கூடும் என்று சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தில் இருந்தது. அதை அவரோடு உட்கார்ந்து நான் பேசியிருக்க வேண்டும். ஆண்மைக்குறைவு ஏற்பட வாய்ப்பு மிக அதிகம் என்பதை மட்டும், பிள்ளைகளான எங்களை வெளியே அனுப்பிவிட்டு, பெற்றோர் இருவரிடமும் மருத்துவரே நேரில் பேசினார். அந்தப் பண்புக்கு இன்றும் நன்றியுடையவனாக இருக்கிறேன். பிஎஸ்ஏ இப்போது 0.3; மூன்று மாதத்திற்கு ஒருமுறை பார்க்கிறோம்.

மற்றோர் உறுப்பினரின் மறுமொழி:

ஐயா, தங்கள் தந்தையார் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. என் அண்ணனுக்கும் இதே நிலையில் கிரையோ செய்யவே விரும்பினோம். ஆனால் பல ஆண்டுகளுக்கு முன், சிறுநீர் அடைப்புக்காகப் புராஸ்டேட்டைச் சுரண்டியெடுக்கும் அறுவைச் சிகிச்சை அவருக்கு நடந்திருந்தது. அப்படிப்பட்டவர்களுக்குச் சிறுநீர்க்குழாயின் உட்சுவர் உரிந்து அடைத்துக்கொள்ளும் ஆபத்து கூடுதல் என்று சொல்லி மருத்துவர் மறுத்துவிட்டார். நாங்கள் அந்தப் பழைய சிகிச்சையைச் சொல்லாமல் விட்டதால், ஏற்பாடெல்லாம் முடிந்த பிறகே இது தெரிந்தது. பழைய மருத்துவக் குறிப்புகள் அனைத்தையும் முதல் சந்திப்பிலேயே காட்டிவிடுமாறு மற்றவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.